கயிறு இழுத்தால் நிற்கும்

காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டி வைக்கிறவனுக்கு அன்றைக்கு வேலை தானாக ஓடும், சார். இதை முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். காதில் போட்டுக்கொள்கிறவர்கள்தான் குறைவு.

உத்திரமேரூருக்கு வெளியே உள்ள வேர்க்கடலை மில்லில் நான் சூப்பர்வைசர். ஓடுகிற பெல்ட்டின் இருபுறமும் பெண்கள் நின்று கல்லும் சொத்தையும் பொறுக்குவார்கள். யாரையும் நான் அதட்டியதில்லை. தினமும் கரும்பலகையில் ஊக்கமாக ஒரு வரி எழுதுவேன். 'இன்று நேற்றைவிட ஒரு மூட்டை கூடுதல்' என்று எழுதியதை முதலாளி ஃபோட்டோ பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார்.

ஒரே ஒரு தொல்லை. மில் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. பறைச் சத்தம் கேட்டதும் பெண்கள் பெல்ட்டுக்கு மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரை நிறுத்திவிட்டு, வாசலில் போய்க் கைகூப்பி நிற்பார்கள். அந்தக் கயிறு ஆபத்துக்கென்று கட்டியது. மறுபடி ஓட்டி வேகம் பிடிக்க இருபது நிமிடம் போய்விடும்.

முதலில் இழுப்பவள் செங்கேணி. அவளிடம் நயமாகத்தான் சொன்னேன்.

"நம்மூரு பொணம் போவசொல்ல நாம கடலை பொறுக்கிக்கினு கீறதா சார்? நாளைக்கு எனக்கு நாலு பேர் வந்து நிக்க வேணாமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாதபோது, பேனல் பெட்டியைத் திறந்து ஒரு துண்டு வயரை மாட்டினேன். இனிமேல் கயிற்றை இழுத்தாலும் மோட்டார் நிற்காது. கயிறு பழையபடி தொங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீண் மனவருத்தம்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு, கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த செங்கேணியின் முந்தானை உருளையில் சிக்கியது. எதிரே நின்ற ஷீபா இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தபடி கத்தினாள். "நிக்க மாட்டேங்குது சார். மெயினை ஆஃப் பண்ணு சார்."

மெயின் சுவிட்ச் எனக்குக் கை எட்டுகிற தூரம்தான். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் அணைத்தால், கயிறு இழுத்தும் ஏன் நிற்கவில்லை என்று கேட்பார்கள். பெட்டியைத் திறப்பார்கள். மில்லைப் பூட்டுவார்கள். அறுபது குடும்பம் சார். அதனால் சாவியெடுத்து, பெட்டியைத் திறந்து, டெஸ்டரால் ஸ்க்ரூவைக் கழற்றினேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. வயர் கழன்றதும் பெல்ட் நின்றது. ஷீபா அப்போதும் கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் இருந்தாள். செங்கேணி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

விபத்துக்குப் பிறகு ஃபாக்டரி இன்ஸ்பெக்டராக நீங்கள் வந்து சோதித்தபோது கயிறு ஒழுங்காக வேலை செய்தது இதனால்தான். துண்டு வயர் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. ஷீபாவிடம் மட்டும், "மொதல்லயே நல்லா இழுத்திருக்கணும்மா" என்றேன். பாவம், நம்பிவிட்டாள்.

கேட்காமலே இதை ஏன் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். அன்றிலிருந்து ஷீபா வேலைக்கு வருவதில்லை. "நான்தான் சரியா இழுக்கல" என்று சொல்லிச் சொல்லி, சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாளாம். அவளுடைய கைவேகம் எங்கள் மில்லில் வேறு யாருக்கும் கிடையாது. தப்பு உன்மேல் இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சார். திங்கட்கிழமையே வந்துவிடுவாள்.