தொண்டை கட்டிய ஞாயிறு

காற்றில் கொஞ்சம் ஈரம் கூடினாலே எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், அண்ணி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

உங்கள் தம்பி ஃபிர்மேன் எப்படி இறந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு வருடங்களில் நீங்கள் எழுதிய முதல் கடிதம். சந்தோஷம்.

அவர் பெரிய கவிஞர். அவருடைய ஒரே புத்தகத்தை எலிகள் கடைசிப் பக்கம்வரை ரசித்து முடித்தன. வயிற்றுக்காக நாடகக் குழுவின் வண்டியில் ஊர் ஊராகப் போனோம். அவர் மேடையில் நடிப்பார். நான் மேடை விளிம்பிலுள்ள பெட்டிக்குள் முடங்கி உட்கார்ந்து, மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பேன். தன் கவிதையில் ஒரு கால்புள்ளியைக்கூட மறக்காதவருக்கு, அடுத்தவர் எழுதியது நாலு வரி நிற்காது. பெட்டியைப் பார்ப்பார்; நான் கிசுகிசுப்பேன். எங்கள் தாம்பத்தியத்தில் அவர் என்னை உற்றுப் பார்த்தது அப்போதுதான்.

போன இலையுதிர் காலத்தில் அங்கூலேம் நகர அரங்கு அவரைக் கூப்பிட்டது. புது நடிகர் மூன்று முறை நடித்துக் காட்ட வேண்டும். மூன்றாவதில் ஊர்க்காரர்கள் விசிலடித்து விரட்டினால் மறுபடி வண்டிதான். தேறினால் குளிர்காலம் முழுக்க அடுப்புள்ள அறை. வண்டியில் இன்னொரு குளிரை அவர் நுரையீரல் தாங்காது என்று வைத்தியர் என்னிடம்தான் சொன்னார்.

இரண்டு முறை தேறினார். மூன்றாவது, ஒரு ஞாயிறு மதியம். அரிதாரம் பூசிக்கொண்டே, "இன்னியோட உனக்கு விடுதலைடி, ஒதில். இங்க வசனம் எடுத்துக் குடுக்க அவங்க ஆளே இருக்கு. இனிமே நீ வேணாம்," என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

இரண்டாம் அங்கத்தில் பெட்டியைப் பார்த்தார். அந்த வரி என் விரலுக்கு அடியில் இருந்தது. நான் பேசவில்லை.

"கவிஞரே, வசனத்த வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று மேல்மாடத்திலிருந்து ஒருவன் கத்தினான். பிறகு விசில். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

திரை விழுந்ததும் பெட்டியருகே வந்து, "என்னடி ஆச்சு?" என்றார்.

"தொண்டை கட்டிப்போச்சுங்க."

"அட, முன்னாடியே சொல்லக் கூடாதா பைத்தியம்?"

தன் கழுத்திலிருந்த கம்பளித் துண்டை அவிழ்த்து எனக்குச் சுற்றிவிட்டார். குளிர்காலம் முழுக்க வண்டியில் நான்தான் அதைக் கட்டியிருந்தேன். பிப்ரவரியில் போய்விட்டார். கடைசி வாரம் நான் இல்லாமல் ஒரு வாய் தண்ணீர்கூட அவரால் குடிக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

அன்று என் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, அண்ணி. கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அவருடைய கவிதைக் கட்டு முழுவதையும் இத்துடன் அனுப்புகிறேன். அந்தக் கம்பளித் துண்டை மட்டும் கேட்காதீர்கள். எனக்குத் தொண்டை சீக்கிரம் கட்டிக்கொள்ளும்.