ஞாபகம் இல்லாத கேள்வி

ஒருநாள், ஒரகடம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தொழிற்சாலையின் நர்ஸம்மாவும் அங்கே புதிதாகச் சேர்ந்த லேடி டாக்டரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"செக்கப்புல குடியப் பத்திக் கேக்கச் சொல்லி நீங்க எழுதி வெச்ச கேள்வியெல்லாம் கேட்டு முடிக்கறதுக்குள்ள பசங்களுக்குப் போதையே எறங்கிடுது டாக்டரம்மா. கொறைச்சிடுங்க."

"எதை வச்சுக்கலாம் சிஸ்டர்?"

"குடிச்சப்போ நடந்தது மறுநாள் மறந்து போச்சான்னு ஒண்ணு கீதே, அது போதும்."

பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற, அதே தொழிற்சாலை யூனிஃபார்ம் போட்ட இளைஞன் குனிந்தான். "சிஸ்டர், அத மட்டும் எடுத்துடுங்க."

"ஏம்பா?"

"மத்ததுக்கெல்லாம் பொய் சொல்லிக்கினு போய்டுவேன். இதுக்குப் பொய் சொல்றதுக்குக்கூட எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே!"

பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருப்பா. எவ்வளவு நாளா இப்படி?"