மூணும் நெகட்டிவ்

— இந்தக் காலத்துல எவளும் வந்த சேதிய நேரா சொல்றதில்ல. முதல்ல ஒரு சிரிப்பு, அப்புறம் ஒரு ஃபாரம், அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து. சிரிச்சு முடிச்சிட்டீல்ல நர்சம்மா? விஷயத்துக்கு வா.

— சரி மிஸ்டர் ஈஸல். உங்க பொண்ணு வெர்டெல் எங்க?

— மீன் ஆலையில கெளுத்தி உரிச்சுக்கிட்டிருப்பா. ஏன்?

— ஜாக்சன் ஆஸ்பத்திரியில ரெண்டு தடவ தேதி கொடுத்தோம். அவங்க வரல.

— எதுக்கு வரணும்? ஒண்ணுமில்லன்னு நீங்கதான சொன்னீங்க.

— யாரு சொன்னது?

— உங்க ஆளுதான், போன மாசம். ஆலைக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டான், அதான் என் நம்பரக் கொடுத்திருந்தா. மார்புக் கட்டிய சோதிச்சாச்சு, மூணும் நெகட்டிவ்னு ஒருத்தி சொன்னா. கொரோனாவுக்கு மூக்குல குச்சிய விட்டப்ப நெகட்டிவ்னா இல்லன்னுதான அர்த்தம்? இங்க மூணு தடவ இல்ல!

— அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என்ன சொன்னா?

— எவன் கேட்டான்? அல்லேலூயான்னு வச்சிட்டேன். ஞாயித்துக்கிழம சர்ச்சுல எழுந்து நின்னு சாட்சி சொன்னேன். வெர்டெல் ஆடுன ஆட்டத்துல ஒரு செருப்பு பாஸ்டர் மடியில விழுந்துச்சு.

— மிஸ்டர் ஈஸல்... உக்காருங்க. அது புத்துநோய்தான். மருந்து பிடிக்கறதுக்கு அதுல மூணு கொக்கி இருக்கும். வெர்டெலுக்கு அந்த மூணும் இல்ல. அதத்தான் நெகட்டிவ்னு சொல்லியிருக்காங்க. மாத்திரை எடுபடாது, கீமோதான். அதுவும் உடனே.

— பொய்.

— நம்ம கறுப்புப் பொண்ணுங்களுக்கு இந்த ரகம் வெள்ளைக்காரிகளவிட ரெண்டு மடங்கு வருது.

— ஓ, புத்துக்கும் தோல் நிறம் தெரியுமோ!

— அதுக்குத் தெரியுமோ என்னமோ. தேதி குறிக்கற ஆபீசுக்கு நல்லாத் தெரியும். அவங்களுக்கு ஒரு வாரம்னா நமக்கு ஒரு மாசம். இதுல நாமளே வேற அஞ்சு வாரத்தத் தொலைச்சிட்டோம்.

— என் பொண்டாட்டி லுயெல்லாகிட்ட, கட்டி சின்னது, ஆறு மாசம் கழிச்சு வான்னீங்க. அஞ்சாவது மாசம் குழி வெட்டினேன். இப்ப அதே ஆளுங்க பேச்ச நான் நம்பணும்னு, உன்னமாதிரி கறுப்பு மூஞ்சியா பாத்து அனுப்பியிருக்காங்க.

— என்னத் திட்டுங்க, பரவால்ல. திங்கட்கிழம அவங்க வந்தாகணும்.

— நகரு. வண்டிச் சாவி உனக்குப் பின்னால இருக்கு.

— எங்க போறீங்க?

— ஆலைக்கு. அவளக் கூட்டியார.

— அப்ப நான் சொன்னத நம்பிட்டீங்க.

— இல்ல. உங்க ஆஸ்பத்திரி சொன்னத ஆயுசுல ஒரே தடவதான் நம்பினேன் பொண்ணே. அந்தப் போன்ல.