தாமரை போட்ட ஸ்டூல்

பால் போடாத இந்தத் தே ஓவில் சீனி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, இன்ஸ்பெக்டர் ஜபருல்லா. தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்றேன், உங்களை அனுப்பினார்கள், அதுவே பெரிது. மலாய் மொழியில் எனக்குச் சண்டை போட வரும், மனசு விட்டுப் பேச வராது.

புஷ்பவள்ளியும் நானும் பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். ஃபேக்டரி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை, ஜெலுத்தோங் ஃபிளாட்டில் எதிரெதிர் வீடு. இரண்டு பேருக்கும் புருஷன் இல்லை. அவளுக்கு ஒரு மகன், கோகுலன், பெர்த்தில் இருக்கிறான். எனக்கு அவள் இருந்தாள்.

தைப்பூசம் முடிந்ததும் அம்மாவை ஒரேயடியாகக் கூட்டிக்கொள்ளப் போவதாகக் கோகுலன் சொல்லிவிட்டான். அதை என்னிடம் சொன்னபோது அவளுக்கு முகமெல்லாம் பல். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் குளியலறைப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. முன்னொரு தரம் எங்கள் மேல்மாடியில் தனியாக இருந்த ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்து செத்துக் கிடந்தார். நாற்றம் வந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள். அவள் போய்விட்டால் எனக்கும் அந்தச் சாவுதான் என்று தோன்றிவிட்டது. உங்களிடம் எனக்குப் பயமில்லை, சார். அந்தக் குளியலறைக்குத்தான் பயம்.

ஓய்வு பெற்றதிலிருந்து எனக்கு மரவேலைப் பைத்தியம். ஃபேக்டரியில் சரக்கு அடுக்கிக் கழித்துப் போட்ட பேலட் பலகைகளை வாங்கி வந்து இழைத்து எதையாவது செய்துகொண்டிருப்பேன். புஷ்பா வீட்டுச் சாமி மேடை சுவரில் உயரத்தில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறித்தான் விளக்கேற்றுவாள். அவளுக்கு என் கையால் ஒரு ஸ்டூல் செய்து கொடுக்க நினைத்தேன்.

நன்றாகத்தான் செய்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் பலகை கன்னம் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. ஒரு காலில் மட்டும், பலகைக்குள் செருகுகிற முனையைப் பாதிக்கு மேல் அறுத்து, பசை போட்டு மறைத்தேன். ஏறி நின்றால் முறியும். அவளுக்கும் கால் முறியும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. முறிந்த காலோடு யாரும் பெர்த்துக்கு விமானம் ஏற மாட்டார்கள். நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன், தலை சீவி விடுவேன். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

என் தப்பு வேறு. பலகை மொட்டையாக இருக்கிறதே என்று அதன்மேல் ஒரு தாமரை செதுக்கிவிட்டேன்.

புஷ்பா ஸ்டூலைத் தடவித் தடவிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "ஜெகா, நீயா செஞ்சே?"

"பின்ன யாரு? ஏறி வெளக்கேத்திப் பாரு."

"தாமரையில கால வைக்கிறதா? லெட்சுமி உக்கார்ற எடம்லா அது. பாவம்டி."

"சும்மா டிசைன்தான்லா. ஏறு."

"மாட்டேன். வெளக்க எறக்கி இதுமேலயே வச்சிடறேன். இனிமே எனக்கு ஏறுற வேலையே வேணாம்."

உங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் இருக்காது. எங்கள் ஆட்கள் தாமரையில் கால் படவிட மாட்டார்கள். எனக்கும் தெரிந்ததுதான். அழகு பார்க்கிற ஆசையில் புத்தி வேலை செய்யவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பெரிய பித்தளை விளக்கு எண்ணெயும் தீயுமாக என் ஸ்டூல்மேல் நின்றது. பக்கத்தில் ஜன்னல் திரை. அவளுக்கு முட்டிவலி. விழுந்து கும்பிட்டுவிட்டு எழும்போது ஸ்டூலில் கையை ஊன்றித்தான் எழுவாள். நான் அறுத்த கால் மெல்ல முனகும். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இன்றைக்கு முறிந்து விளக்கு சாய்ந்துவிடுமோ என்று திரையையே பார்ப்பேன். ஆனாலும் மறுநாள் சாயங்காலம் போய்விடுவேன்.

ஒரு தரம் வாயைத் திறந்தேன். "குடு புஷ்பா, வார்னிஷ் அடிச்சுத் தர்றேன்."

"அதெல்லாம் வேணாம். நீ குடுத்தது எப்படி இருக்கோ அப்படியே பெர்த்துக்குக் கொண்டு போவேன்."

அதற்கு மேல் என்ன சொல்வது? அறுத்திருக்கிறேன் என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். அப்புறம் என்னோடு பேசமாட்டாள். அவள் பேசாமல் போய்விடுவாளோ என்கிற பயம், அவள் எரிந்துபோவாளோ என்கிற பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பொய் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற நேரம். எனக்குத் தலைவலி, அதனால் போகவில்லை. எங்கள் வரிசை வீடுகளில் எல்லோரும் பாசார் மாலாமுக்கு, அந்த ராத்திரிச் சந்தைக்குப் போயிருந்தார்கள். முதலில் பித்தளை விழுந்த சத்தம். பிறகு புகை. திருட்டுக்குப் பயந்து அவள் எப்போதும் இரும்புக் கிரில்லை உள்ளேயிருந்து பூட்டி வைப்பாள். அவள் சாவி சாமி மேடைக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கும், தீயும் அங்கேதான். இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டில் சாவியைப் போட்டும் விட்டேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள். "கோகுலா, கோகுலா" என்று கத்தினாள். பெர்த்தில் இருக்கிறவனை. ஒரு கை தூரத்தில் நான் நிற்கிறேன்.

சாவியைத் திருப்பாமல் உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு தரம் "ஜெகா" என்று சொல்லியிருந்தால் திறந்திருப்பேன். அதற்காகத்தான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் நிற்கிற வரைக்கும் கேட்டேன், சார். அவள் என்னைக் கூப்பிடவே இல்லை.