மேஸ்திரி சொன்னா ரைட்டு

இல்ல பா ஏனோக்கு, குதிரை லாடம் கழண்டா வர்ற சத்தம்னு சொன்னா எனக்கு இன்னா புரியும்? பதினஞ்சு வருஷம் தொரையோட குதிரைவண்டி ஓட்டினவன் நீ, உனக்கு எல்லாச் சத்தமும் குதிரையாத்தான் கீது. மூணு மாசம் மெட்ராஸ்ல மோட்டார் கத்துகினு வந்தியே, அங்க இதுக்கெல்லாம் ஒரு பேரு சொல்லித் தரலையா? சிரிக்காத. அந்தச் சுருட்ட வாயிலேந்து எடுத்துட்டு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. கோவிச்சுக்காத பா, மில்லுல தங்கக் கல்லு இடிக்கிற எடத்துல பதினெட்டு வருஷம் கெடந்தவன் நான். அங்க பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது, அவனவன் வாயப் பாத்துதான் பேசிக்குவோம். வெளிய வந்தும் அந்தப் பழக்கம் போவல.

ம். லொடக்கு லொடக்குன்னா. மெதுவாப் போனா மெதுவா, வேகமாப் போனா வேகமா? நிறுத்தினா சத்தமும் நின்னுடுதா? அப்ப இஞ்சின் இல்ல. இஞ்சினா இருந்தா வண்டி நின்னாலும் அது பாட்டுக்கு அடிச்சிகினு இருக்கும். இது சக்கரம். எந்தப் பக்கம்? முன்னால, இடது கைப்பக்கம். சரி.

ஓட்டிக் காட்ட வேணாம். இங்கியே நிக்கட்டும், நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு.

அவசரம் எனக்கும் தெரியும் பா. நாலு மணிக்கு நிறைமாசத் தொரசானிய ஏத்திகினு பங்காருபேட்டைக்கு இறங்கணும், ஊரிகத்துல ரயிலுக்குக் காத்துகினு இருந்தா அங்க பெங்களூர் வண்டி போயிடும். எல்லாம் ஆளு வந்து சொன்னான். தொர இன்னா சொன்னாரு? பெருமாள் மேஸ்திரி காது வெச்சுப் பாத்து ரைட்டுன்னா எடு, இல்லன்னா எடுக்காதன்னாரா. அதான் பா. பம்பு முனகினா இந்தப் பெருமாளக் கூப்புடு, பாய்லர் இருமினா பெருமாளக் கூப்புடு. பன்னண்டு வருஷமா இந்தப் பேச்சுதான். அவன் கேட்டுட்டு ரைட்டுன்னா ரைட்டு.

இன்னொண்ணு கேக்கறன். காலையில வருதா, வெயில் ஏறினாத்தான் வருதா? அப்படியா. காலையில நீ வண்டி கழுவுவ இல்ல? சத்தம் வந்தா சக்கரத்து மேல ரெண்டு கொடம் தண்ணி ஊத்துவியா? ஊத்தினா அடங்கிடுதா? யாரு சொல்லிக் குடுத்தது, பூதிகோட்டை மாட்டுவண்டிக்காரனுங்களா? நெனச்சேன்.

இரு, குந்துறேன். கைய இப்படிக் குடு. இந்த ஆரக்காலப் பிடிச்சு ஆட்டு. அசையுதா? இது? இதுவும்தான். ஆரக்கால் மரம் பா. சித்திரை வெயில்ல காஞ்சு சுருங்கிப் போயிருக்குது. தண்ணி குடிச்சா உப்பிகினு கெட்டியா நிக்கும், காஞ்சா மறுபடியும் ஆடும். நீ நோவுக்கு மருந்து குடுக்கல, நோவாளி கத்தாம வாயப் பொத்திகினு இருந்த. மாட்டுவண்டிக்கு அது போதும், மாடு நடக்கிற வேகம் இன்னா பெரிய வேகம். இது போற வேகத்துக்கு, இறக்கத்துல ஒரு திருப்பு திருப்பினா சக்கரம் மடங்கிப் படுத்துடும். வயித்துப் புள்ளக்காரி பா அந்தம்மா.

வண்டிய எடுக்காத. சக்கரத்தக் கழட்டிப் பட்டறைக்கு அனுப்பு, புது ஆரக்கால் போட நாலு நாள் ஆவும். தொரசானி நாளைக்கு ரயில்ல போகட்டும். கோவிச்சுக்குவாரா? கோவிச்சுக்கட்டும். மேஸ்திரி காது வெச்சுப் பாத்துச் சொன்னாருன்னு சொல்லு.

இல்ல. அப்படிச் சொல்லாத.

நான் ஒண்ணும் கேக்கல பா. இதக் கேட்டது உன் காது, பிடிச்சது என் கை. என் காது மாசி மாசமே போயிடுச்சு. பாதிய மில்லு தின்னுது, அப்புறம் ஒரு காய்ச்சல் வந்துதே, மிச்சத்த அது தின்னுது. பாப்பம்மா எனக்குப் பின்னால தவலையத் தவற வுட்டா. அது உருண்டு வந்து என் கால்ல இடிச்சப்புறம்தான் திரும்பினேன். பொண்டாட்டி நின்னுகினு அழுவுறா, எனக்கு அவ வாய் மட்டும்தான் தெரியுது.

ஏன் சொல்லலன்னா இன்னா சொல்றது? காது போன மேஸ்திரிய வெச்சிகினு கம்பெனி இன்னா பண்ணும்? வேல போனா கம்பெனி குடுத்த லைன் வீடும் போச்சு. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற கதையா, ரெண்டு மாசமா எல்லார் வாயையும் பாத்துத் தலைய ஆட்டிகினு கீறேன். நீ ஒருத்தன்தான் எதுக்கு மேஸ்திரி என்னை இப்படி மொறச்சுப் பாக்கிறன்னு கேட்ட.

நானே தொரகிட்டச் சொல்லலாம்தான். அவரு மீசை வாய மூடிகினு கீது, உள்ள இன்னா வருதுன்னு ஒரு எழுத்து படிக்க முடியல. அதுக்குன்னு இல்ல. பயம் பா. பயந்துட்டேன். இப்பக்கூடப் பாரு, சொல்ல வந்தத வுட்டுட்டு உன்கிட்ட ஆரக்கால் கதை பேசிகினு கீறேன். உன்கிட்ட ஆரம்பிச்சா மத்ததும் வாயில வந்துடும்னு நெனச்சேன்.

இந்தச் சக்கரத்தத் தொட்டுப் பாக்க முடிஞ்சுது. சுரங்க ஷாஃப்டுக்கு மேல அறுபது அடி உசரத்துல ஒண்ணு சுத்துதே, ஆளுங்கள ஏத்தி இறக்குற கேஜுக் கூண்டோட கம்பிவடம் ஓடுற சக்கரம், அத ஓடும்போது யாரு தொடுறது? தெனம் காலையில ஆளுங்கள இறக்கறதுக்கு முன்னால வெறும் கேஜ ஒரு நடை வுடுவாங்க. நான் கீழ நின்னு காதால கேட்டு ரைட்டு சொல்லணும். ரெண்டு மாசமா கேக்காமலே சொல்லிகினு கீறேன்.

இன்னிக்குக் காலையில கேஜு இஞ்சின் ஓட்டுற மாணிக்கராஜ் வெளிய வந்தான். மேல ஏதோ கரகரன்னு வருதே மேஸ்திரி, உனக்குக் கேக்கலையான்னான். அவன் ஒதட்டுல தெளிவாப் படிச்சேன். ஒண்ணும் இல்ல பா, ரைட்டு, இறக்குன்னேன். அவன் தன் காத நம்பல, என் காத நம்பினான். நாப்பத்திரண்டு பேரு இறங்கினாங்க.

ரெண்டு மணிச் சங்குக்கு அவங்க அதே கேஜுலதான் மேல வரணும். எழுந்திரு, ஓடிப்போய் மாணிக்கராஜ நிறுத்தச் சொல்லு, எல்லாரும் ஏணி வழியா ஏறட்டும். நான் பின்னாலயே வரேன்.

ஏம்பா, சங்கு ஊதிடுச்சா?