கையுறை போட்ட பிறகு

எனக்குப் போனில் பேசவே பிடிக்காது, ஐயா. வீட்டில் மணி அடித்தால்கூட மனைவிதான் எடுப்பாள். ஆனால் மருத்துவக் காப்பீட்டு கம்பெனியில் எனக்குச் சம்பளம் கொடுத்ததே போன் பேசுவதற்குத்தான். நானும் டாக்டர்தான், ஒரு காலத்தில் கத்தி பிடித்தவன். முதுகுவலி வந்து நெடுநேரம் நிற்க முடியாமல் போனதும் நாற்காலி வேலைக்கு வந்துவிட்டேன்.

மருத்துவமனை ஒரு ஆபரேஷனுக்கு அனுமதி கேட்டால் எடுத்த எடுப்பில் முடியாது என்று நாங்கள் சொல்லக் கூடாது. அந்த டாக்டரைக் கூப்பிட்டு, ஏன் இது அவசியம் என்று கேட்க வேண்டும். இரண்டு முறை கூப்பிட்டும் விளக்கம் கிடைக்கவில்லை என்றால் கோரிக்கையை மூடிவிடலாம். நோயாளி மறுபடி முதலிலிருந்து வர வேண்டியதுதான். நியாயமான விதி, நான் போட்டதும் இல்லை.

நான் செய்ததெல்லாம் கூப்பிடும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தது மட்டுமே. டாக்டர் எப்போது ஓய்வாக இருப்பார் என்று வரவேற்பறைப் பெண்ணிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வேன். அந்த நேரத்தை விட்டுவிடுவேன். கையைத் தேய்த்துக் கழுவிக் கையுறை போட்டவர் போனைத் தொட மாட்டார். எங்கள் தொழிலில் அது முதல் பாடம். "உங்க ராசி, யாருமே போனை எடுக்க மாட்டேங்கிறாங்களே" என்று மேலதிகாரி கிண்டல் செய்வார். நானும் சிரித்து வைப்பேன்.

நீங்கள் கேட்கிற டாக்டரம்மா கல்லூரியில் எனக்கு ஜூனியர். சரியான வாயாடி. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் வந்தவள் ஒரு தையல்காரி, சின்ன வயது. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் புடைத்துக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள் என்று டாக்டரம்மா செய்தி அனுப்பியிருந்தாள். நான் காலையிலேயே கூப்பிட்டேன்.

முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாவது முறை எடுத்துவிட்டாள். நர்ஸ் போனை அவள் காதில் வைத்துப் பிடித்திருந்தாராம்.

"அண்ணா, நான் வேற ஒருத்தருக்கு ஆபரேஷன்ல நிக்கிறேன். மதியம் கூப்பிடச் சொன்னேனே?"

"இப்பதாம்மா நேரம் கிடைச்சுது. சொல்லு."

"அந்தப் பொண்ணுக்கு எப்ப வேணும்னாலும் வெடிச்சிரும்ணா. ஸ்கேன் படத்தைப் பாத்தீங்கல்ல? சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

பார்த்திருந்தேன். நானாக இருந்தால் அன்றைக்கே கத்தியை எடுத்திருப்பேன். ஆனால் போனை எடுத்தவளிடம் தோற்றுப்போவது எனக்குப் பழக்கமில்லை. தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். என்ன மாத்திரை கொடுத்தாய், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். கொஞ்சம் நிறுத்தி நிதானமாகக் கேட்டேன், அவ்வளவுதான். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

பின்னால் ரத்தத்தை உறிஞ்சும் குழாயின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது மாறியது. மேசையில் கிடக்கும் ஆளுக்கு ரத்தம் பெருகினால் அப்படித்தான் கேட்கும், கத்தி பிடித்த எவனுக்கும் தெரியும். யாரோ "டாக்டர், இங்க பாருங்க" என்றார்கள்.

"அண்ணா, உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன்."

"கடைசியா ஒண்ணுதாம்மா. மாத்திரையில ஏன் சமாளிக்கக் கூடாது? விளக்கமா சொல்லு."

லைன் அறுந்தது. விளக்கம் கிடைக்கவில்லை என்று எழுதிக் கோரிக்கையை மூடினேன். மேசையில் இருந்தவர் பிழைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். டாக்டரம்மாவுக்கு நல்ல கை, கல்லூரியிலேயே நான் சொல்வேன்.

தையல்காரி அந்த வாரம் முடிவதற்குள் தலைக்குள் அது வெடித்து, மெஷின்மேல் சாய்ந்து செத்துப்போனாள். கால் மிதியை அழுத்தியபடி இருந்ததால் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததாம். அந்தச் சத்தத்தைக் கேட்டு, மனைவி வேலையாக இருக்கிறாள் என்றே அவள் கணவர் அடுத்த அறையில் இருந்திருக்கிறார். கேட்டதும் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நானும் மனுஷன்தானே, ஐயா.

விசாரிக்க வந்த உங்களுக்கு அதிகம் வேலை வைக்க மாட்டேன். குழாயின் சத்தம் மாறும்வரை காத்திருந்துதான் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். டாக்டரம்மா எந்த உயிரைக் கைவிடுவாள் என்றும் எனக்குத் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: போனை வைத்தது அவள். நான் கடைசிவரை லைனில்தான் இருந்தேன்.