கூட்டாளிக் கணக்கு

எழிலரசி: மொதல்ல மூச்சு வுடு, அப்றம் பேசு. இன்னாடீ சொன்ன?

வர்ஷா: நானும்... இரு... எத்தனை படிடீ இந்த அண்ணனூர் ஸ்டேஷன்ல! நானும் பெயில்டீ, எழிலு.

எழிலரசி: இன்னாது?

வர்ஷா: பெயில். உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன்ல, "அக்கவுண்ட்ஸ் புட்டுக்கிச்சு, ஸ்டேஷன் பிரிட்ஜுக்கு வா"ன்னு. எனக்கும் அதேதான்.

எழிலரசி: தோ பார்றா. இவ்ளோ படி ஏறி வந்து சொல்ற நியூஸா இது? குந்து. எவ்ளோ வந்துச்சு?

வர்ஷா: முப்பத்தி மூணு. உனக்கு?

எழிலரசி: முப்பத்தொண்ணு. பெயில்ல கூட என்னிய வுட ரெண்டு மார்க்கு தூக்கலா உனக்கு?

வர்ஷா: இல்ல இல்ல... இருபத்தொம்பதுன்னு நினைக்கிறேன்.

எழிலரசி: இப்பதான முப்பத்தி மூணுன்ன?

வர்ஷா: அழுதுட்டே பாத்தேன்டீ. கண்ணு மங்கலா இருந்துச்சு.

எழிலரசி: இன்னும் ரெண்டு நிமிசம் பேசினா சைபர்ல வந்து நிக்கும் போலகீதே! போன குடு, நான் பாக்கறேன்.

வர்ஷா: சார்ஜ் இல்ல. செத்துப் போச்சு.

எழிலரசி: செத்துப் போன போனு பாட்டு பாடுது பாரு. எடு.

வர்ஷா: அம்மாதான்... ஹலோ... ம்... ம்மா, மெதுவா பேசு... வேணாம்மா, யாருக்கும் குடுக்காத இப்ப... கேசரி ஆறட்டும்... நான் வந்து சொல்றேன். வெச்சிடு.

எழிலரசி: இன்னா சொல்றாங்க உங்கம்மா?

வர்ஷா: திட்டறாங்க.

எழிலரசி: கேசரி கிண்டிகினே திட்டறாங்களா?

வர்ஷா: அது... எதிர் பிளாட் பையன் பாஸாம். அவனுக்கு.

எழிலரசி: அட்றா சக்க. சொந்தப் பொண்ணு பெயிலு, எதிர் பிளாட் பையனுக்கு கேசரி. உங்கம்மாவுக்கு பெரிய மனசுடீ.

வர்ஷா: கலாய்க்காதடீ. தள்ளி உக்காரு. இந்தப் பையில என்ன, நெய் வாசனை அடிக்குது?

எழிலரசி: ஏய், கைய எடு! அது அப்றம்.

வர்ஷா: சரி, சரி. இப்ப என்ன பண்றதுன்னு யோசிப்போம். மிஸ்கிட்ட எல்லாம் கேட்டுட்டேன். மொதல்ல விடைத்தாள் நகல் கேட்டு வாங்கிப் பாக்கலாமாம். கூட்டினதுல தப்பு இருந்தா மறுகூட்டல் போடலாம். நாலு மார்க்தானே உனக்கு...

எழிலரசி: அவங்க கூட்டினதுல ஒரு தப்பும் இருக்காது. நான் கூட்டினதுலதான் தப்பு. ஐந்தொகை டாலி ஆவல. அந்தாண்ட ஒரு தொக ஜாஸ்தி நின்னுச்சு. பெல் அடிக்க போறாங்க. இந்தாண்டயும் அதே தொகைய எழுதி, "இதர சொத்துகள்"னு பேரு வெச்சிட்டேன்.

வர்ஷா: அய்யய்யோ! என்ன சொத்துடீ அது?

எழிலரசி: தெரியல. எவனோ ஒரு யாவாரிக்கு ராவோட ராவா நான் வாங்கிக் குடுத்த சொத்து.

வர்ஷா: சிரிப்பு காட்டாத, எனக்கு வயிறு வலிக்குது. சரி, மறுகூட்டல் வேணாம். துணைத் தேர்வு இருக்கு. ஸ்கூல்லயே போய்ப் பேர் குடுத்துடலாம். அதுல பாஸானா இந்த வருஷமே காலேஜ் சேரலாம். வருஷம் வீணாகாது. நாம ரெண்டு பேரும் தினம் எங்க வீட்ல உக்காந்து படிக்கலாம்.

எழிலரசி: நாம ரெண்டு பேரும்?

வர்ஷா: ஆமா. நானும் எழுதணும்ல.

எழிலரசி: பேர் குடுக்க வர்ற உன்னிய பாத்து மிஸ் இன்னா கேப்பாங்க?

வர்ஷா: மிஸ்கிட்ட நான் பேசிக்கறேன். நீ அதெல்லாம் கவலைப்படாத.

எழிலரசி: அந்த கூட்டாளிங்க கணக்கு வந்துச்சே... ஒப்பந்தம் ஒண்ணும் போடல, லாப நட்டத்த எப்டி பிரிக்கணும்னு... அதுக்கு நீ இன்னா எழுதின?

வர்ஷா: அது ஈஸிதானடீ, எனக்கு முழு மார்க்...

எழிலரசி: முழு மார்க்கா?

வர்ஷா: முழுசா விட்டுட்டேன்னு சொல்ல வந்தேன்.

எழிலரசி: நான் வுடல. யாரு ஜாஸ்தி துட்டு போட்டாங்களோ அவங்களுக்கு ஜாஸ்தின்னு எழுதி வெச்சேன். அதான நாயம்?

வர்ஷா: போடீ லூசு! மூலதனம் யார் எவ்ளோ போட்டா என்ன? ஒப்பந்தம் இல்லன்னா சமம். லாபமும் சமம், நட்டமும் சமம். மிஸ் தொண்டை கிழிய கத்தினாங்களே!

எழிலரசி: இவ்ளோ கரீட்டா தெரிஞ்சுகினு நீ எப்டிடீ பெயிலான?

வர்ஷா: வீட்டுக்குப் போய் புக்கைப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது... என்னடீ அப்படி பாக்கற?

எழிலரசி: ஒண்ணுமில்ல. ஆவடி லோக்கல் வருது. அது போவட்டும், காதுல ஒண்ணும் வுழாது...

வர்ஷா: ...

எழிலரசி: போய்டுச்சு. இன்னா மொணமொணன்னு சொன்ன நடுவுல?

வர்ஷா: சாமி கும்பிட்டேன். எழிலு, உங்கப்பா எத்தனை மணிக்கு வருவாரு?

எழிலரசி: லோடு எறக்கிட்டு ஆறு மணிக்கு வந்துடும். நைனா மூஞ்சிய பாக்க முடியலடீ. பட்டாபிராம்ல கீற சொந்தக்காரங்க, வண்டி ஸ்டாண்டுல கீறவங்க, ஒருத்தர வுடல. "பச்சையப்பன் பொண்ணு பி.காம் படிக்கப் போவுது"ன்னு சொல்லிகினு திரிஞ்சிச்சு. எங்க அத்த வேற... பெயிலானா எஸ்டேட்டுல துணி தெக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனில சேத்து வுட்டுடு, அதுக்கப்றம் மாப்ள பாக்கலாம்னு இப்பவே ஆரம்பிச்சிடுச்சு.

வர்ஷா: அதெல்லாம் நடக்காது. கேளு, நான் வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன். உங்க வீட்டுக்கு நானும் வரேன். நான்தான் மொதல்ல பேசுவேன். "அங்கிள், நாங்க ரெண்டு பேரும் அக்கவுண்ட்ஸ்ல பெயில், அடுத்த மாசம் எழுதி பாஸ் பண்ணிடுவோம்"னு. ரெண்டு பேர்னா திட்டு பாதிப்பாதியா பிரிஞ்சு வரும்ல? நானே பெயில்னா கேள்வித்தாள்தான் கஷ்டம்னு நினைச்சுப்பாரு.

எழிலரசி: இன்னா தில்லுடீ உனக்கு! எங்க நைனா எதிர்ல நின்னு சொல்லுவியா?

வர்ஷா: சொல்லுவேன்.

எழிலரசி: எங்கம்மா உங்கம்மாவுக்கு போன் போட்டா?

வர்ஷா: எங்கம்மாவையும் அப்படியே சொல்லச் சொல்லிடுவேன்.

எழிலரசி: உங்கம்மா பாவம்டீ, வாயில கேசரியோட பொய் சொல்லணும்... சரி, தொண்ணூத்தாறு எடுத்தவ வந்து பெயில்னு சொன்னா எங்க நைனா நம்புமா?

வர்ஷா: நம்புவாரு, நான் சொல்ற மாதிரி சொன்னா... என்ன சொன்ன?

எழிலரசி: தொண்ணூத்தாறு. மொத்தம் ஐந்நூத்தி நாப்பத்தொண்ணு. இங்கிலீஷ்லதான் கொஞ்சம் வுட்டுட்ட.

வர்ஷா: எழிலு...

எழிலரசி: ரெண்டு ஹால் டிக்கெட்டையும் லேமினேசன் பண்ண எடுத்துகினு போனவ யாரு? உன் நம்பரு எனக்கு மனப்பாடம். வருசா வருசம் உன் பொறந்த நாளுக்கு கேக்கு துன்றவளுக்கு தேதி தெரியாதா? என்து பாக்க பயமா இருந்துச்சு. அதான் மொதல்ல உன்து அடிச்சேன். பாத்ததும் "ஏய்!"ன்னு கத்திட்டேன். எங்கம்மா நான்தான் பாஸுன்னு நெனச்சுகினு கற்பூரம் ஏத்திடுச்சு.

வர்ஷா: அடிப்பாவி! அப்போ இவ்ளோ நேரம் ஏன்டீ என்னை ஓட விட்ட? முப்பத்தி மூணு, இருபத்தொம்பதுன்னு நான் உளறிட்டு இருந்தேனே!

எழிலரசி: மெசேஜ் போட்டப்றம் ஒரு மாதிரி ஆயிடுச்சுடீ. இவ காலேஜ் போய்டுவா, நம்மள மறந்துடுவா, இன்னிக்கி கேசரிய வுட்டுட்டு இங்க எதுக்கு வரப் போறான்னு நெனச்சேன். அதுக்கும்தான் காலைலேர்ந்து அழுதேன், மார்க்குக்கு பாதி, அதுக்குப் பாதி. நீ இன்னாடான்னா மூச்சு வாங்க ஓடியாந்து பெயிலுன்ற. சிரிப்பும் வருது, அழுகையும் வருது. சரி, எது வரிக்கும் போறான்னு பாக்கலாம்னு வுட்டேன்.

வர்ஷா: மறந்துடுவேனாம். மூஞ்சியப் பாரு. நட்டமும் சமம்னு இப்பதானடீ சொன்னேன்? ஒரு சப்ஜெக்ட் பெயில், ஆளுக்குப் பாதி. அவ்ளோதான்.

எழிலரசி: அழாதடீ. படி எறங்கறவங்கல்லாம் பாக்கறாங்க. நீதான் பெயிலுன்னு நெனச்சுக்கப் போறாங்க.

வர்ஷா: நினைச்சுக்கட்டும். எழுந்திரு, ஆறு மணி ஆகறதுக்குள்ள போலாம். பொய் வேணாம், உண்மையவே சொல்லிடலாம். நான் பக்கத்துல நிக்கறேன்.

எழிலரசி: இரு. அந்தப் பைய எடு... இப்ப தொறக்கலாம்.

வர்ஷா: பால்கோவாவா? இவ்ளோவா? யாருக்குடீ?

எழிலரசி: நைனா வாங்கியாந்துச்சு. ரெண்டு பேரு மார்க்கையும் காலைலயே அதுகிட்ட சொல்லிட்டேன்டீ. வண்டிய எடுத்துகினு போயி இத்த வாங்கியாந்து, "பாஸான பொண்ணு கைல குடு, அதுதான் உனக்கு கணக்கு சொல்லித் தரப் போவுது, அது உன்னிய வுட்டுட்டுப் போவாது"ன்னு சொல்லிச்சு... எங்க, பிரி பாக்கலாம், ஒப்பந்தம் ஒண்ணும் போடல, ஆளுக்கு சமமா.